பிப் செக்கையும் ஆய்வகத்தில் கற்றுக்கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிளஸ் டூ கணினி அறிவியல் மாணவர்கள், வரைபடம் வரைய உதவும் மேட்பிளாட்லிப் என்ற தொகுப்பை (பேக்கேஜ்), பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவப் பழகுகிறார்கள். நிறுவியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் 'பைத்தான் -எம் பிப் செக்' கட்டளையையும் அதே வகுப்பில் கற்றுத்தர வேண்டும். முன்னால் 'பைத்தான் -எம்' சேர்ப்பது அவசியம். கணினியில் இரண்டு பைத்தான் இருந்தால், வெறும் பிப் வேறொன்றைச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிடலாம்.

2020-இல் வந்த பிப் 20.3 முதல், ஒரே கட்டளையில் கேட்கும் தொகுப்புகளுக்குள் முரண் இருந்தால் நிறுவல் நின்றுவிடுகிறது. தனித்தனிக் கட்டளைகளில்தான் சிக்கல். இயந்திரக் கற்றலுக்கான டென்சார்ஃப்ளோ தொகுப்பின் 2.15 பதிப்புக்கு, எண் கணக்குகளுக்கான நம்பை தொகுப்பு 2.0-க்குக் கீழான பதிப்பாக இருக்க வேண்டும். அதை நிறுவிய பிறகு யாராவது நம்பையை மட்டும் புதுப்பித்தால், பிப் சிவப்பு எழுத்தில் முரணைச் சொல்லும். ஆனாலும் நிறுவி முடித்துவிடும். கடைசி வரியில் 'வெற்றிகரமாக நிறுவப்பட்டது' என்று வருவதால், மேலே இருந்த சிவப்பு வரியை மாணவர் கவனிப்பதில்லை. பிப் செக் ஓட்டினால் எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பைக் கேட்கிறது, இப்போது இருப்பது எது என்று ஒரே வரியில் தெரிந்துவிடும்.

சரிசெய்ய, இரண்டையும் ஒரே கட்டளையில் எழுதுங்கள்: டென்சார்ஃப்ளோ==2.15, அதோடு "நம்பை<2". மேற்கோள் குறி கட்டாயம். அது இல்லாவிட்டால் சிறியது, பெரியது குறிகளை ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். 'நம்பை>=1.23' என்று அப்படியே தட்டினால், பதிப்பு நிபந்தனை பிப்பிடம் போய்ச் சேராது. பிப்பின் வெளியீடு ஒரு கோப்புக்குள் போய்விடும். திரையில் எதுவும் வராததால் காரணமும் புரியாது.

பிப் செக்கை முழுதாக நம்பிவிடவும் கூடாது. தொகுப்போடு வரும் மெட்டாடேட்டாவில் (அதைப் பற்றிய விவரக் குறிப்பில்) எழுதியிருப்பதை மட்டுமே அது ஒப்பிடுகிறது. எதையும் இயக்கிப் பார்ப்பதில்லை. மேட்பிளாட்லிப் 3.7.1 நம்பைக்குக் கீழ்வரம்பை மட்டும் சொல்கிறது, மேல்வரம்பு இல்லை. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது பைனரி அமைப்பே (கம்பைல் செய்த நிரல்கள் அதோடு இணையும் முறை) மாறியது. இவ்விரண்டும் சேர்ந்திருந்தால் பிப் செக் குறையே சொல்லாது. நிரலுக்குள் இம்போர்ட் செய்யும்போதுதான், நம்பை 1-க்காகக் கம்பைல் செய்யப்பட்டது 2-இல் ஓடாது என்ற பிழை வரும். ஆகவே சோதனை முடிந்ததும் முக்கியமான தொகுப்புகளை ஒருமுறை இம்போர்ட் செய்து பார்ப்பது நல்லது.

ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி வென்வ் (தொகுப்புகளைப் பிரித்து வைக்கும் பைத்தான் சூழல்) வைத்தால் பாதி முரண்கள் வரவே வராது. பழுதானதைத் துண்டு துண்டாகச் சரிசெய்வதைவிட, வென்வை அழித்துவிட்டு தேவையான தொகுப்புகளைப் பட்டியலிடும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பிலிருந்து மறுபடி நிறுவுவதே எளிது.

ஆய்வகக் கணினிகளைத் தயார் செய்பவர்களுக்கு: முரண் இருந்தால் பிப் செக் 1 என்ற எக்ஸிட் கோடை (கட்டளை முடியும்போது திரும்பத் தரும் எண்) தரும். நிறுவும் ஸ்கிரிப்டின் கடைசியில் இதைச் சேர்த்து, 0 வராத கணினியை மாணவருக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள்.

கணினி அறிவியல் ஆசிரியர்கள்,
மதுரை.