தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். பெரியப்பா வீட்டு விவகாரம் நீ சொன்ன மாதிரியே முடிந்தது. பாப்பாவுக்கு செமஸ்டர் லீவு. அப்பாவுக்கு முட்டிவலி, டாக்டரிடம் போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறார்.

கம்மவான்பேட்டை அத்தை போன வாரம் வந்திருந்தார்கள். ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள், அப்பா இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டு, அப்புறம் தனியாகக் கேட்டுக்கொண்டேன். அங்கே நடப்பதையெல்லாம் நீ வெளியே சொல்லக்கூடாது, தெரியும். ஆனால் போன் எடுத்தால் "சாப்பிட்டேன்மா, வைக்கிறேன்மா" என்பதோடு சரி. கேஷுவாலிட்டியில் நைட் டியூட்டி முடிந்து வரும் பிள்ளைகள் இப்படித்தான் பேசுவார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியாதா?

சரி, அதை விடு. வேலையைப் பற்றிப் பேசலாம். போன லீவில் உன் லக்னோ ராணுவ மருத்துவ ட்ரெய்னிங் நோட்டைப் பார்த்து உன்னோடு சண்டை போட்டேனே. நர்ஸ்களான எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூச்சுப்பாதைதான் முதலில் என்று. உன் நோட்டில் பீறிடும் ரத்தம் முதலில், அப்புறம்தான் மூச்சு. தொடையில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் 3 நிமிடத்திலேயே ஆள் போய்விடலாம் என்று சொன்னாய். வியட்நாம் போரில் கை கால் காயத்து ரத்தப்போக்கால் மட்டும் சுமார் 2,500 அமெரிக்க வீரர்கள் இறந்ததையும், அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் 1996-ல் டூர்னிக்கெட்டை, அதாவது ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையை, முதலில் போடு என்று எழுதிவைத்ததையும் அடுப்படியில் நின்றுகொண்டு விளக்கினாய். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

டூர்னிக்கெட்டைக் காயத்துக்கு மேலே 2, 3 அங்குலம் தள்ளிப் போடு. மூட்டின் மேல் போடாதே. கீழே நாடித்துடிப்பு நிற்கும்வரை முறுக்கு. அவன் வலியில் கத்துவான், உன்னைத் திட்டுவான், பாவம் பார்த்துத் தளர்த்திவிடாதே. நேரத்தை எழுது. ஹைவேயில் அடிபட்டவர்களைத் துண்டால் கட்டித் தூக்கி வருவார்கள். அரைகுறையாகக் கட்டியிருந்தால் உள்ளே போகிற ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்புகிற ரத்தம் மட்டும் நிற்கும், கசிவு இன்னும் கூடிவிடும். எப்போது கட்டியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 2 மணி நேரத்துக்குள் என்றால் கால் பெரும்பாலும் தப்பும், அதற்கு மேல் எங்களுக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதனால்தான் சொல்கிறேன், நேரத்தை எழுது.

இடுப்பு மடிப்பு, அக்குள் என்றால் டூர்னிக்கெட் நிற்காது. காஸ் துணியைக் காயத்துக்குள் திணித்து அழுத்து. ரத்தம் உறையவைக்கிற காஸ் என்றால் 3 நிமிடம், வெறும் காஸ் என்றால் இன்னும் கூடுதலாக. நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்காதே. அப்புறம் போர்வை. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறையாது, அந்த மலையில் நனைந்த சட்டையோடு விட்டால் ஸ்ரீநகர் போய்ச் சேர்வதற்குள் நீ செய்ததெல்லாம் வீணாகிவிடும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனால் அதே நோட்டின் முதல் பக்கத்தில், சுட்டுக்கொண்டிருக்கும்போது முதலில் மறைவு, அப்புறம்தான் வைத்தியம் என்று உன் கையெழுத்தில் இருக்கிறது, அடிக்கோடு போட்டு. நீயும் விழுந்தால் அந்த செக்‌ஷனுக்கு யார் இருக்கிறார்கள்? அத்தை சொன்னதில் அது ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. எழுதியதை நீயே மீறினால் எப்படி தம்பி? உன்னைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை, மறைவை விட்டு நீ காப்பாற்றப் போன அந்தப் பையனும் ஒரு தாய் பெற்றவன்தானே.

நம் டாக்டரம்மா ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2012-ல் வந்தது. 2001-லிருந்து 2011 வரை போரில் இறந்த 4,596 அமெரிக்க வீரர்களின் சாவை ஒவ்வொன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரைத்தான் ஒருவேளை காப்பாற்றியிருக்க முடியுமாம். மற்ற மூன்று பேரை, ஆபரேஷன் தியேட்டரே பக்கத்தில் இருந்திருந்தாலும் முடிந்திருக்காது. அந்த நான்காவது ஆளுக்கும் முக்கால்வாசி மார்பிலோ வயிற்றிலோ இடுப்பு மடிப்பிலோ அக்குளிலோ கழுத்திலோ ரத்தப்போக்கு, கையால் கட்டி நிறுத்துவது லேசில்லை. இதை மட்டும் இரண்டு தடவை படி. நீ எங்கே தவறினாய் என்று ராத்திரியெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. டூர்னிக்கெட் போட்டாயா, காஸ் வைத்தாயா, போர்த்தினாயா? போட்டிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

உங்கள் ஆர்.எம்.ஓ. சாரிடம் தூக்கம் வரவில்லை என்று சொல். அவர் டாக்டர், தப்பாக நினைக்கமாட்டார். என்னிடம் பேசுவதென்றால் ஞாயிறு சாயங்காலம் கூப்பிடு, அப்பா கோயில் கமிட்டிக்குப் போய்விடுவார். நர்ஸிடம் பேசுவதாக நினைத்துப் பேசு, நான் அழமாட்டேன்.

பார்சலில் எள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் இருக்கிறது. விரல் வெடிப்புக்கு வாசலின் வைத்திருக்கிறேன், ராத்திரி தடவிக்கொள்.

அம்மா