பேகடாவில் ஒரு சண்டை

அன்புள்ள சிநேகிதிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ கேட்டிருக்க மாட்டாய். சரி, இங்கத்திச் சேதி. போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் திருப்பாவை முப்பதும் நடந்தது. பாட நாங்கள் பன்னிரண்டு பெண்கள், ஆடப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கோஷ்டியில் நான்தான் மூத்தவள், சிரிக்காதே.

மெட்டெல்லாம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டவை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று முதல் ஐந்து ராகமும் தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் வரிசையிலேயே வருவதால் பயமில்லாமல் பாடிவிட்டோம். தோடியில்தான் பின்தங்கினோம். நட்டுவாங்கம் செய்த அம்மா தாளத்தை ஓங்கித் தட்டி எங்களை இழுத்து வந்தார். பதினோராம் பாட்டில் மைக் கரகரவென்று கத்திவிட்டு ஓய்ந்துபோனது. அதுவும் நல்லதுக்குத்தான், வெறுந்தொண்டையில் பாடியபோதுதான் சலங்கைச் சத்தமே என் காதில் விழுந்தது.

நான் எழுத உட்கார்ந்தது பதினைந்தாம் பாட்டுக்காக. ஆறிலிருந்து பதினைந்துவரை பத்துப் பாட்டும் தூங்குகிறவளை எழுப்புவதுதானே. அதில் ஒன்பது பாட்டில் உள்ளே இருப்பவள் வாய் திறப்பதில்லை. 'எல்லே இளங்கிளியே'யில் மட்டும் பதிலுக்குப் பதில் பேசுகிறாள். பள்ளிகொண்டா பெருமாள் கோயிலில் விடியற்காலையில், பாலாற்றுக் குளிரில் நடுங்கிக்கொண்டு, பொங்கலை நினைத்தபடி ஒரே மூச்சாக ஒப்பித்தோமே, இது ஒரு சண்டை என்று நமக்குத் தோன்றியதா?

அன்றைக்குக் கோஷ்டியை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். வெளியே இருப்பவர்களின் வரி எங்களுக்கு, உள்ளே இருப்பவளின் வரி எதிர்ப்பக்கம். மேடையில் இரண்டு பிள்ளைகள் தாவணியை விரித்துக் கதவாகப் பிடித்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு வாண்டு, 'சில்லென்று அழையேன்மின்' என்ற இடத்தில் காதைப் பொத்திக்கொண்டு சிடுசிடுத்தாள். 'வல்லை உன் கட்டுரைகள்', உன் வாய்ச்சாமர்த்தியம் தெரியாதா என்று நாங்கள் பேகடா ராகத்தில் குத்தினோம். 'வல்லீர்கள் நீங்களே' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவகாசமாகப் பின்னலை முடிந்தாள். எனக்கு உன் வீட்டுத் திண்ணைதான் ஞாபகம் வந்தது. 'இதோ வந்துட்டேன்' என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வருமே!

'போந்து எண்ணிக்கொள்' வந்ததும் அவள் வெளியே வந்து தோழிகளை விரல்விட்டு எண்ணினாள். அதோடு நிற்காமல் எங்கள் ஓரத்துக்கும் வந்து ஒவ்வொரு தலையாக எண்ணிவிட்டுப் போனாள். சொல்லிக்கொடுத்ததில் அது இல்லையாம்.

கடைசியில் கொஞ்சம் அவசரப்பட்டோம், இரண்டரை மணி நேரம் யாருக்குத்தான் உட்கார முடியும்? ஆனாலும் 'முழங்கை வழிவார' என்ற இடத்தில் ஒரு பெண், நெய் வழிவதை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒற்றை விரலால் இழுத்துக் காட்டினாள். முன்வரிசைப் பாட்டி ஒருத்தி எச்சில் விழுங்கினார், சத்தியமாக.

மார்கழி இருபத்தேழு, கூடாரவல்லிக்கு இங்கே வந்துவிடு, பள்ளிகொண்டா போய்வரலாம். அக்காரவடிசிலுக்கு நெய் வாங்கி வைக்கிறேன். காலையில் எழுப்ப மட்டும் மாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி