சிறை வாசலில் ஒரு தாள் வையுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்துச் சிறைகளை நடத்தும் அலுவலர்களுக்கும், இந்த மாவட்டங்களின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். நான் பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துப் பெண். சென்ற ஆண்டு ஆடி மாதம் என் தம்பி இரண்டு வாரம் ஒரு கிளைச் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தான். அது எந்தச் சிறை என்று இங்கே எழுதவில்லை. ஒரு காவலரையோ ஓர் அதிகாரியையோ மாட்டிவிடுவதற்கு இந்த மடல் தேவையில்லை. அந்த வாசலில் நின்றபோது எனக்கு யாரும் சொல்லாத விஷயங்களை, நாளைக்கு அங்கே நிற்கப்போகிற இன்னொரு அக்காவுக்கு, அம்மாவுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: நல்ல தமிழில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு தாள்.

தம்பியை ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அழைத்துப் போனார்கள். கடை வாசலில் நடந்த கைகலப்பில் அவன் பெயரும் இருந்தது. விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து இரவு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் காவல் நிலையத்துக்குப் போனால் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறி அங்கே போய்ச் சேர்ந்தபோது, வாசலில் நின்ற ஏட்டு ஒருவர், "தம்பியை ரிமாண்ட் பண்ணிச் சிறைக்கு அனுப்பியாயிற்றுங்க அம்மிணி, திங்கள்கிழமை போய் மனு போட்டுப் பாருங்கள்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மனு என்றால் சிறையில் ஆளைப் பார்ப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. யாருக்கோ விண்ணப்பம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கைப்பையில் அவனுடைய மாத்திரை இருந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அவனுக்கு வலிப்பு நோய். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பத்து வருடமாக ஒரு வேளை தவறியதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த அட்டை என் பையிலேயே கிடந்தது. ஞாயிறு இரவு சிறைக்குள் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்த கைதி ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறார், பணியில் இருந்த காவலர் ஓடிப்போய் வண்டி ஏற்பாடு செய்திருக்கிறார். அந்த இரண்டு பேரையும் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். திங்கள்கிழமை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றபோது உதடு வீங்கியிருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டதில் பேச்சு குழறியது. "மாத்திரை கொண்டுவந்தாயா அக்கா?" என்பதுதான் அவன் கேட்ட முதல் வார்த்தை.

இது நடந்திருக்கவே வேண்டாம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். குடும்பங்களுக்குத் தெரியாதது, அந்த ஐந்து நிமிடத்தில் என்ன பேசலாம் என்பது. அடி விழுந்திருந்தால் அங்கே சொல்லலாம். சர்க்கரை, வலிப்பு, இதய நோய் எதுவாக இருந்தாலும் அங்கே சொல்லலாம். வழக்கறிஞர் மூலம் மருந்துச் சீட்டைக் காட்டினால், சிகிச்சை தரும்படி நடுவர் உத்தரவிலேயே எழுத முடியும். சிறை வாசலில் நின்று மாத்திரையை நீட்டினால் வாங்கமாட்டார்கள். வாங்கக் கூடாது என்பதில் நியாயமும் இருக்கிறது. மருத்துவரின் சீட்டும் பழைய கோப்பும் இருந்தால்தான் சிறை மருத்துவர் மருந்து எழுதிக் கொடுக்க முடியும். முழுநேர மருத்துவர் இல்லாத கிளைச் சிறைகளில் இது இன்னும் முக்கியம். இதை ஒருவர் சனிக்கிழமை காலையில் என்னிடம் சொல்லியிருந்தால், மாத்திரை அட்டையோடு ஓடுவதற்கு முன் பீரோவைத் திறந்து அந்தக் கோப்பை எடுத்திருப்பேன். கைதான பின் நடக்கும் மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கிடைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படி ஒரு நகல் உண்டு என்பதே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சட்டம் எங்கள் பக்கம் இவ்வளவு தூரம் நிற்கிறது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவை, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவுகளாகவே இருக்கின்றன. கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்பான ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்கோ நண்பருக்கோ உடனே சொல்ல வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றச்சாட்டின் தன்மை ஆகியவற்றைக் காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகளில் முதல் தகவல் அறிக்கையைக் காவல்துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். நான் அதற்காக ஒருவருக்கு 500 ரூபாய் கொடுத்தேன்.

அந்த ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறைக்கு எதிரே டீக்கடை, அதை ஒட்டி ஒரு புங்கமரம். திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கே அதன் நிழலில் இருபது பேர் நின்றிருந்தோம். வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவர் வந்து, மனு எழுத இவ்வளவு, உள்ளே துணி கொடுக்க இவ்வளவு, "சாரிடம் சொல்லி" சீக்கிரம் ஜாமீன் எடுக்க இவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். அவர் வக்கீலும் இல்லை, சிறை ஊழியரும் இல்லை. நான் காதிலிருந்த தோட்டை அடகு வைத்து 8,000 ரூபாய் கொடுத்தேன். சிறையில் ஆளைப் பார்க்கப் பணம் கட்டத் தேவையில்லை என்று வாசலில் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த ஆளுக்கு அங்கே வேலையே இருந்திருக்காது.

ஆறாவது நாள், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியம்மா, "ஏன் கண்ணு காசைக் கொட்டுகிறாய்? கோர்ட்டுக்குள்ளேயே இலவச வக்கீல் இருக்கிறார்கள்" என்றார். அவர் மகனுக்காக மூன்றாவது முறை வந்தவர். இலவச வக்கீல் என்றால் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருக்கும் யாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்கக் கூடாது. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் அழைக்கலாம். நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அந்த ஐந்து இலக்கம் தெரியாமல் நான் ஆறு நாளையும் ஒரு தோட்டையும் தொலைத்தேன். ஆணைக்குழுவில் இருப்பவர்களே, உங்கள் வக்கீல் அம்மா என் தம்பிக்காக நன்றாகவே வாதாடினார். ஆனால் உங்கள் பலகை நீதிமன்றத்துக்குள் இருக்கிறது, நாங்கள் புங்கமரத்தடியில் இருக்கிறோம்.

ஜாமீன் ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். வீட்டு வரி ரசீதும் சிட்டாவும் வைத்திருக்கும் உறவுக்காரர்கள் எங்களுக்கு உண்டு. கையெழுத்து என்றதும் எல்லாருக்கும் தோட்டத்தில் வேலை வந்துவிட்டது. எங்கள் ஐயனின் பழைய கூட்டாளி ஒருவரும், தறிப்பட்டறை வைத்திருக்கும் மாமன் ஒருவரும் வந்தார்கள். பிணைப் பத்திரம் எழுதி முடித்து, வெள்ளிக்கிழமை விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலை அடைப்பு முடிந்துவிட்டது. அன்றிரவு என் தம்பியை உள்ளே வைத்திருக்க யாருக்கும் காரணம் இல்லை. ஆனாலும் உள்ளேதான் படுத்தான்.

ஜாமீன் கிடைத்தும் ஆள் இல்லாமல் கிடப்பவர்களை நினைத்தால் எங்கள் கதை ஒன்றுமே இல்லை. அவர்களுக்காக 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக வழி சொல்லியிருக்கிறது. ஜாமீன் உத்தரவின் நகலை நீதிமன்றம் அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். 7 நாளுக்குள் ஆள் வெளியே வராவிட்டால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். ஜாமீனில் விடக்கூடிய குற்றமாக இருந்து, கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க ஆளில்லை என்றால், அவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஏழைக் கைதிகளின் பிணைத்தொகைக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் 2023இல் வந்தது. இவற்றில் எதையாவது புங்கமரத்தடியில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதல் ரிமாண்ட் நாளிலிருந்து 60 நாள், ஆயுள் தண்டனையோ 10 ஆண்டோ அதற்கு மேலோ வரக்கூடிய வழக்கானால் 90 நாள். அதற்குள் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. ஆனால் கேட்க வேண்டும், குற்றப்பத்திரிகை வந்து விழுவதற்கு முன்பே கேட்க வேண்டும். வீட்டில் தினக்காலண்டரில் நாளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

அந்த வரிசையில் ஒரு ஒடிசாப் பெண்ணும் நின்றிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். எந்த வழக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை, எங்கள் மொழியும் வரவில்லை. மூன்று பஸ் மாறி வந்தவளிடம், ஆள் இங்கே இல்லை, மத்திய சிறைக்கு மாற்றிவிட்டோம் என்று கையைக் காட்டிச் சொன்னார்கள். அவளுக்குப் புரியவில்லை. மாலை வரை அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இந்த மண்டலத்தின் தறியும் தையலும் அவர்கள் கையில்தான் ஓடுகின்றன. அந்தத் தாளை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடுங்கள். ஆளை இடம் மாற்றும்போது வீட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். சிறையில் சேர்க்கும்போது எழுதி வாங்கும் விவரங்களோடு வீட்டு எண்ணையும் குறித்துக்கொண்டால் போதும்.

சின்ன விஷயங்களையும் எழுதுங்கள், வாசலில் ஆளை உடைப்பவை அவைதான். பார்க்கும் நாள், நேரம், என்ன அடையாள அட்டை. வீட்டுச் சாப்பாடு வாங்குவார்களா மாட்டார்களா. தம்பிக்குப் பிடிக்கும் என்று விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அரிசிம்பருப்பு சாதம் செய்து, நெய் ஊற்றி, தூக்குப்போசியில் சூடாறாமல் கொண்டுபோனேன். வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அதைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போக மனம் வராமல் பஸ் நிலையத்தில் ஒரு பெரியவருக்குக் கொடுத்தேன். நாடா வைத்த பைஜாமாவும் திரும்பி வந்தது. கயிறு இல்லாத துணிதான் எடுப்பார்கள் என்று மறுவாரம் தெரிந்தது. செலவுக்குப் பணம் கொடுப்பதானால் அலுவலகத்தில் கைதியின் கணக்கில் கட்டி ரசீது வாங்க வேண்டும், யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வலைக்கு இந்தப் பக்கமிருந்து வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம், அதை வக்கீலிடம் பேசிக்கொள்ளலாம். இருபது பேர் கத்திப் பேசுகிற இடத்தில் நான் சம்பவத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். கிடைத்த நேரத்தில் பாதி அதிலேயே போயிற்று.

2020 ஜூனில் காவல் நிலையத்தில் அடிபட்டு இறந்துபோன சாத்தான்குளத்து அப்பாவும் மகனுமான ஜெயராஜையும் பென்னிக்ஸையும் ரிமாண்ட் செய்து அனுப்பியது ஒரு கிளைச் சிறைக்குத்தான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் எந்தத் தாயிடமும் "கிளைச் சிறை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இரு என்று சொல்ல முடியாது. எங்கள் அம்மா அந்த இரண்டு வாரமும் அந்தப் பெயர்களைத்தான் சொல்லி அழுதார். அவருக்கு நீங்கள் தர முடிந்த பெரிய ஆறுதல், உங்கள் மகன் இங்கே இருக்கிறான், சாப்பிட்டான், மருத்துவர் பார்த்தார் என்ற ஒரு வார்த்தை. உள்ளே குறை இருந்தால் காணொளியில் நடுவர் முன் வரும் வாய்தாவிலேயே சொல்லலாம் என்பதையும் தாளில் சேருங்கள்.

கோவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிறை என்றால் வ.உ.சி. இழுத்த செக்குதான். பள்ளிக்கூடத்தில் படித்ததிலிருந்து எனக்கும் அது மனப்பாடம். நூறு வருடத்துக்கு முந்தைய சிறையைப் பற்றி அவ்வளவு தெரிந்த எனக்கு, என் ஊருக்கு அருகிலுள்ள சிறையில் எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

தாளுக்கான வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான் வருகிறது. உங்கள் வழக்கறிஞர்கள் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் போதும். அச்சுச் செலவு உங்களுக்குச் சிரமமானால், எங்கள் தெருவில் தறி வைத்திருக்கும் ஐந்து வீட்டார் ஒரு வருடத்துக்கு ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடைக்காரரிடமும் கேட்டுவிட்டேன், கடை முகப்பில் ஒட்டிக்கொள்ளச் சம்மதம் என்றார். சிறைச் சுவரில் ஒட்ட உங்கள் அனுமதிதான் வேண்டும்.

இப்படிக்கு,
விசாரணைக் கைதியாக இருந்து வீடு திரும்பிய ஒருவனின் அக்கா