சமஷ்டி 1949 இல் பிறந்த சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

சமஷ்டிக் கோரிக்கையை, அதாவது பகுதிகள் தன்னாட்சியோடு ஒரே நாட்டில் இணைந்திருக்கும் கூட்டாட்சி முறைக்கான கோரிக்கையை, இந்நாட்டில் முதன்முதலில் எழுப்பியது, 1949 டிசம்பரில் தொடங்கப்பட்ட இலங்கைத் தமிழரசுக் கட்சியே என்று அண்மையில் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையொன்று கூறியிருந்தது. வரலாறு கற்பித்த காலம் முழுவதும் இதே விடையை மாணவர்களின் தாள்களில் திருத்தி வந்தவன் நான். பரீட்சைத்தாளில் அது ஒரு புள்ளியோடு போய்விடும். பத்திரிகையில் வரும்போதோ, சமஷ்டி என்பது தமிழர் வகுத்த பிரிவினைத் திட்டம் என்று சொல்வோருக்கு நாமே சான்று எடுத்துக் கொடுத்தவர்களாகிறோம். அதனாலேயே இதை எழுதுகிறேன்.

ஒக்ஸ்போர்டில் படிப்பை முடித்துக்கொண்டு 1925 இல் நாடு திரும்பிய, பின்னாளில் பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, அடுத்த ஆண்டே 'சிலோன் மோர்னிங் லீடர்' பத்திரிகையில் ஆறு கட்டுரைகளை எழுதி, கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர், தமிழர் ஆகியோர் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்து வந்தவர்கள் என்றும், அவர்களை ஒரே மத்திய ஆட்சியின் கீழ் அடக்குவதைவிடச் சமஷ்டி முறையே இத்தீவுக்குப் பொருந்தும் என்றும் வாதிட்டார். அதே ஆண்டு ஜூலையில் யாழ்ப்பாணம் வந்து மாணவர் காங்கிரஸின் ஆதரவில் ஆற்றிய உரையிலும் இதையே வலியுறுத்தினார். அந்த அழைப்பை அன்றைய தமிழ்த் தலைவர்கள் ஏற்கவில்லை. பொன்னம்பலம் அருணாசலத்தை முதல் தலைவராகக் கொண்டு 1919 இல் இலங்கைத் தேசிய காங்கிரஸைத் தொடங்கியவர்களுள் தமிழரும் அடங்குவர். அதிலிருந்து அவர்கள் விலகிய பின்னரும், கொழும்பு அதிகாரத்தில் உரிய பங்கைப் பெறுவதே அவர்களின் நோக்கமாக இருந்ததன்றி, வடக்குக் கிழக்குக்கென ஓர் ஆட்சியை அவர்கள் நாடவில்லை. இதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

இன்னும் அழுத்தமான குரல் கண்டியிலிருந்து வந்தது. அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927 இல் இலங்கைக்கு வந்தபோது, கண்டிச் சிங்களவரின் அமைப்பான கண்டித் தேசிய சபை, இத்தீவைத் தன்னாட்சியுள்ள மூன்று பகுதிகளாக அமைத்து ஒரு சமஷ்டியாக்க வேண்டும் என்று அதனிடம் கேட்டது: கண்டி மாகாணங்கள் ஒன்று, வடக்கும் கிழக்கும் ஒன்று, தெற்கும் மேற்கும் ஒன்று. இது வெறும் வகுப்புவாதக் கோரிக்கை அல்ல, தன் வாழ்வைத் தானே நடத்த விரும்பும் ஒரு தேசத்தின் உரிமை என்பதே அவர்களின் நிலைப்பாடு. 1815 இல் வீழ்ந்த அவர்களின் இராச்சியம், பிரித்தானியரின் கோல்புறூக் சீர்திருத்தத்தின் பேரில் 1833 இல்தான் கரையோர மாகாணங்களோடு ஒரே நிருவாகத்தில் இணைக்கப்பட்டது. ஆக, ஆணைக்குழுவின் முன் அவர்கள் நின்றபோது, இன்று சிலர் தொன்றுதொட்டு வந்ததாகச் சொல்லும் ஒற்றையாட்சிக்கு வயது தொண்ணூற்று நான்குதான். கரையோரச் சிங்களவரின் ஆதிக்கத்துக்குள் தாம் அமிழ்ந்துபோவோம் என்ற அவர்களின் அச்சத்தைப் படிக்கும்போதெல்லாம், தமிழரசுக் கட்சியின் நிறுவுநர் தந்தை செல்வா (எஸ். ஜே. வி. செல்வநாயகம்) பின்னாளில் பேசியதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் என்று நான் வியந்ததுண்டு. ஆணைக்குழு அக்கோரிக்கையை ஏற்கவில்லை.

தமிழர் இக்கருத்தை ஏந்தியது இவ்வளவும் நடந்து முடிந்த பிறகே, அதுவும் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய பிறகே. அப்போதும் அது உடனே வேரூன்றிவிடவில்லை. 1952 தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டு ஆசனங்கள், காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார். சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 ஆம் ஆண்டில்தான் மக்கள் அக்கட்சியின் பக்கம் திரும்பினர். அச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் முப்பது ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்தில் சமஷ்டி பேசிய அதே பண்டாரநாயக்க. 1957 ஜூலையில் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தில் அவர் ஒப்புக்கொண்டது சமஷ்டியை அல்ல, அதனினும் மிகக் குறைந்த பிரதேச சபைகளை. அதையும் மறு ஆண்டு ஏப்ரலில், பௌத்த பிக்குகள் வீட்டு வாசலில் வந்து அமர்ந்ததும் கைவிட்டார். 1972 அரசியலமைப்பு ஒற்றையாட்சியை எழுத்தில் பதித்தது. 1978 அரசியலமைப்பும் அதைத் தொடர்ந்தது.

சமஷ்டி கேட்பது பிரிவினை கேட்பதாகாது என்பதை 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது. தமிழரசுக் கட்சியின் நோக்கம் தனிநாடே என்று தொடரப்பட்ட அவ்வழக்கில், கட்சியின் யாப்பில் 'சமஷ்டி' இருந்த இடத்தில் 'இணைப்பாட்சி' என்ற சொல் வந்தது கூட வாதத்துக்கு எடுக்கப்பட்டது. ஒரு சொல்லுக்காக நீதிமன்றப் படி ஏற வேண்டிய நிலையில் இருக்கும் நாம், அச்சொல்லின் வரலாற்றைப் பிழையாக எழுதுவது வருத்தமளிக்கிறது.

ஆகவே, பண்டாரநாயக்கவின் 1926 ஆம் ஆண்டுக் கட்டுரைகளையும் கண்டித் தேசிய சபையின் 1927 ஆம் ஆண்டு மனுவையும் தமிழில் மொழிபெயர்த்துத் தங்கள் வாரப் பதிப்பில் தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மொழிபெயர்ப்புக்கு உதவ நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வடமராட்சி.