லொறிகளுக்குக் கோடு ஒட்டுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் தரித்து நிற்கும் லொறிகளையும் பட்டா எனப்படும் சிறு லொறிகளையும் உற்றுப் பார்த்தால், பக்கவாட்டில் ஒட்டிய வினைல் (பிளாஸ்ரிக் ஸ்டிக்கர் நாடா) கோடுகள் பலவற்றின் நுனி கிளம்பி, அதனடியில் செம்புழுதி படிந்திருப்பதைக் காணலாம். மலிவான ஸ்டிக்கர் என்று கடைக்காரரைக் குறைகூறுவது நமது வழக்கமாயினும், பெரும்பாலும் பிழை ஒட்டிய விதத்திலேயே இருக்கிறது. கோடு ஒட்டுவதற்காக வாகனத்தை வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோய் ஒரு நாள் உழைப்பை இழக்க வேண்டியதில்லை. நமது தண்ணீரையும் வெயிலையும் புழுதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் வீட்டுக் கொட்டகையிலேயே அதைச் செய்யலாம்.

வன்னியின் கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மை மிக்கது. கழுவிய லொறியைத் தானாகக் காயவிட்டால் தகட்டின் மேல் மெல்லிய உப்புப் படலம் எஞ்சும். பசை பிடிப்பது அந்தப் படலத்தைத்தான், பெயின்ற்றை அல்ல. ஆகவே சவர்க்கார நீரால் கழுவி ஈரத்தை ஒற்றியெடுத்த பின்னர், மெழுகும் எண்ணெயும் நீங்க ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். சிலர் தின்னர் பாவிக்கிறார்கள். அது பெயின்ற்றையே இளக்கிவிடும். புதிதாகப் பெயின்ற் அடித்த வாகனமாயின், உலரும் பெயின்ற்றின் ஆவி நாடாவின் கீழ்க் குமிழிகளாகத் தேங்குமாதலால், சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

வெயிலில் காய்ந்த தகட்டில் பசை தொட்டவுடன் பற்றிக்கொள்ளும். கோணலைத் திருத்த இடமிராது. தகடு ஏறத்தாழ 20 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும் காலை வேளையே உகந்தது. சோளகம் எனும் தென்மேற்குக் காற்று புழுதியோடு வீசும் மாதங்களில் திறந்த வெளியில் இவ்வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நேராக வரவேண்டும் என்பதற்காக நாடாவை இழுத்து ஒட்டுவதாகும். இழுபட்ட வினைல் வெயிலில் தன் பழைய நீளத்துக்கே சுருங்க முயல்வதால்தான் நுனி கிளம்புகிறது. மாஸ்கிங் டேப்பால் வழிகாட்டிக் கோடு ஒன்றை முதலில் அமைத்துச் சற்று விலகி நின்று பார்த்துவிட்டு, நாடாவின் ஒரு முனையைப் பதித்து, கொத்தனார் நூல் பிடிப்பதுபோலத் தொய்வில்லாமல் மட்டும் பிடித்து, ஓர் அடி நீளத்துக்கு ஒரு தரம் அழுத்திச் செல்ல வேண்டும். வளைவுகளில் மாத்திரம் மிகச் சிறிதளவு இழுக்கலாம். கதவு விளிம்பில் நாடாவைச் சில மில்லிமீற்றர் உள்ளே மடித்து வெட்டினால் காற்றும் புழுதியும் நுனியைக் கிளப்பா. நாடாவின் முகப்பை மூடியிருக்கும் மேலுறைத் தாளைச் செங்குத்தாக இழுக்காமல், பின்னோக்கி மடித்தவாறு மெதுவாக உரிக்க வேண்டும். பின்னர் கோடு முழுவதையும் துணி சுற்றிய பிளாஸ்ரிக் தகட்டால் அழுத்தித் தேய்த்து, 24 மணி நேரம் கழுவாமல் விட வேண்டும். பிரதிபலிப்பான்களையும் விளக்குகளையும் மறைத்து அழகு தேடுவோரைப் பொலிசார் கவனித்துக்கொள்ளட்டும்.

வினைலில் வார்க்கப்பட்டது, உருளைகளால் தட்டையாக்கப்பட்டது என இரு வகைகள் உண்டு. முன்னது விலை கூடியது, ஆனால் குறைவாகவே சுருங்கும். கடைகளில் சுருளிலிருந்து அளந்து வெட்டித் தருகையில் அது எந்த வகை என்று எவரும் சொல்வதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வர்த்தகர்கள் சுருளின் மேலுள்ள விபரத்தை வாங்குவோருக்குக் காட்டியே விற்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
லொறி உரிமையாளர் ஒருவர்,
மாங்குளம்.