கூரைச் சாவி

அன்பு மகன் தம்பிக்கு,

இங்கே சிங்கப்பூரில் நீ முழுதாக வாங்கி வாடகைக்கு விட நினைக்கும் கட்டடத்தின் படங்களைக் கைப்பேசியில் பார்த்தேன். அது போதாமல் நேற்று நேரிலேயே போய்விட்டு வந்தேன். உன்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தால் வேண்டாம் என்பாய், அதனால் சொல்லவில்லை. உட்லண்ட்ஸில் ஏறினால் மரீன் டெரஸ் வரை மாறாமல் ஒரே ரயில். 2024 ஜூனில் அந்தப் பக்கம் ஸ்டேஷன்கள் திறந்த பிறகு இப்போதுதான் முதல் தடவை போகிறேன். அங்கிருந்து கட்டடம் இருக்கும் தெலுக் குராவுக்குப் பத்து நிமிட நடை என்று ஏஜெண்ட் சொன்னது அவர் காலுக்கு. என் முட்டிக்கு இருபத்தைந்து.

கட்டடம் அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நான்கு மாடி, மாடிக்கு ஒரே வீடு. வாசலில் சாம்பல் நிறப் பளிங்கு. உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைப்புல் வாசனை வருகிற மாதிரி எதையோ வைத்திருக்கிறார்கள். ஏஜெண்ட் பையன் என்னை 'ஆண்ட்டி' என்று கூப்பிட்டு சோபாவில் உட்காரச் சொன்னான். வாங்குகிறவரின் தாயார் சும்மா பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான் போல. கொண்டோ (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பு) நிர்வாக அலுவலகத்தில் முப்பது வருடம் உட்கார்ந்தவள் என்று அவனுக்குத் தெரியாது. நான் கட்டடத்தை மேலேயிருந்து கீழே பார்க்கிறவள். கூரை, தண்ணீர்த் தொட்டி, பம்ப், லிஃப்ட், குழாய், எல்லாம் முடிந்த பிறகுதான் பளிங்கு.

நான்காவது மாடி வீட்டில் ஒரு வயதான அம்மாள் வாடகைக்கு இருக்கிறார். நல்ல மனுஷி, தண்ணீர் கொடுத்தார். சாமான் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே தரையில் ஒரு சிவப்பு வாளி, அதற்கு நேர் மேலே கூரைப்பூச்சில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம். நான் பார்த்ததைப் பையன் பார்த்துவிட்டான். கதவை மெல்லச் சாத்திவிட்டு, பால்கனியிலிருந்து கடற்காற்று வரும், வந்து பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். கூரைக்கு ஏற வேண்டும் என்றேன். சாவி உரிமையாளரிடம் இருக்கிறதாம்.

தட்டைக் கூரையில் நீர் இறங்காமல் போடுகிற பூச்சுக்கு ஆயுள் குறைவு. நம் ஊர் மழையும் வெயிலும் மாறி மாறி அதை வெடிக்க வைக்கும். தண்ணீர் எங்கே உள்ளே போகிறதோ அங்கே சொட்டாது. கான்கிரீட்டுக்குள் ஊர்ந்து போய் வேறு எங்கோ சொட்டும். கம்பி துருப்பிடித்துப் பருத்தால் பூச்சு பெயர்ந்து விழும். நானூறு வீடு உள்ள கொண்டோவில் இதைச் சரிசெய்ய நானூறு பேர் பணம் போடுவார்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்த நானூறு பேரிடமிருந்தே சிங்கிங் ஃபண்ட், அதாவது பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி, வசூலிக்க நாய் படாத பாடு பட்டேன். இங்கே லிஃப்ட் ஒன்று, பம்ப் ஒன்று, தொட்டி ஒன்று, கூரை ஒன்று, பணம் போடுவதற்கு நீ ஒருவன். சண்டை போட ஆள் இருக்காது என்று எழுதியிருந்தாய். உண்மைதான். பங்கு போடவும் ஆள் இருக்காது.

சரி, கணக்குக்கு வருகிறேன். நீ 3.3 விழுக்காடு வருமானம் என்று போட்டிருந்தாய். விலை 8 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வீட்டுக்கு மாதம் 5,500 வெள்ளி வாடகை, வருடத்துக்கு 264,000. பெருக்கலில் பிழையில்லை. எதை எதால் வகுத்தாய் என்பதில்தான் பிழை. நீ கொடுக்கப்போவது 8 மில்லியன் இல்லை. வாங்குகிற எல்லோருக்கும் உள்ள முத்திரைத் தீர்வை, ஒரே பத்திரமாக வாங்கினால், 419,600 வெள்ளி. அதற்கு மேலே ஏபிஎஸ்டி, அதாவது வாங்குபவர் கட்டும் கூடுதல் முத்திரைத் தீர்வை. உன் பெயரில் பொங்கோல் வீடு இருக்கிறது. அக்காவோடு சேர்ந்து வாங்கிய கோவன் வீட்டில் உனக்குப் பாதிதான், ஆனாலும் வரிக்காரர் கண்ணுக்கு அதுவும் ஒரு வீடு. ஆக இது மூன்றாவதற்கு மேலே. 2023 ஏப்ரல் 27 முதல் குடிமக்களுக்கே இதற்கு 30 விழுக்காடு, அதாவது 2.4 மில்லியன். மொத்தம் 10.8 மில்லியனைத் தாண்டுகிறது.

வரவில் கழிக்க வேண்டியதும் இருக்கிறது. உரிமையாளர் குடியிருக்காத வீட்டுக்குச் சொத்து வரி ஏறிக்கொண்டே போகும். ஆண்டு மதிப்பில் முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு, அடுத்த 15,000க்கு 20, அதற்கடுத்த 15,000க்கு 28, அதற்கு மேலே 36. வீட்டுக்கு 60,000 ஆண்டு மதிப்பு என்று வைத்தால் 10,800 வெள்ளி. நான்குக்கும் 43,200. மீதி 220,800. அதை 10.8 மில்லியனால் வகுத்துப் பார், இரண்டு விழுக்காட்டுக்கு ஒரு மயிரிழை மேலே. என் மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கே சும்மா உட்கார்ந்து 2.5 கொடுக்கிறது, அதற்குக் கூரையும் கிடையாது வாளியும் கிடையாது. இதில் இன்னும் கடன் வட்டி, காப்புறுதி, லிஃப்ட் பராமரிப்பு எதையும் நான் கழிக்கவில்லை. வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களையும் சேர்க்கவில்லை. முன்பெல்லாம் வீடு காலியாக இருந்தால் சொத்து வரியைத் திருப்பிக் கேட்கலாம். 2014இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். நீ லண்டனிலேயே இருப்பதால் வெளிநாட்டுவாசிக் கணக்கில் வருவாய், வாடகை வருமானத்துக்கு 24 விழுக்காடு வரி தனி.

இதற்குத்தான் நண்பர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்பாய். சேர்த்தால் இன்னும் மோசம். கூட்டாக வாங்கும்போது யாருக்கு அதிக விகிதமோ அதுதான் முழு விலைக்கும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உன் கூட்டாளியின் பெயர் பத்திரத்தில் ஏறினால் 60 விழுக்காடு, 4.8 மில்லியன். அதுவும் ஒரு கட்டடத்தின் எல்லா வீடுகளையும் வாங்க அவருக்கு அரசாங்க அனுமதியும் வேண்டும். கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் வாங்கலாம் என்று இன்னொருவர் சொன்னாராமே, கம்பெனிக்கு 65 விழுக்காடு என்று அவரிடம் சொல். சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் யோசனையையும் மறந்துவிடச் சொல், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடக்கூடாது.

நீண்டகால முதலீடு, அவசரமில்லை என்கிறாய். நீ பொறுமைசாலிதான், சின்ன வயதிலிருந்தே உண்டியலை உடைக்காதவன். மற்ற இருவரும் அப்படியா? ஒருவருக்கு விவாகரத்து, ஒருவருக்கு வேலை போய்விட்டது என்றால் விற்கத்தான் சொல்வார்கள். 2025 ஜூலை 4 முதல் வாங்கியதை நான்கு வருடத்துக்குள் விற்றால் விற்பவர் தீர்வை, முதல் வருடத்தில் விற்றால் விலையில் 16 விழுக்காடு. வக்கீலிடம் இதையும் கேள்: நான்கு வீட்டுக்கும் தனித்தனி ஸ்ட்ராட்டா பத்திரம் (ஒவ்வொரு வீட்டுக்குமான உரிமைப் பத்திரம்) இருக்கிறதா, மொத்தத்துக்கும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால் பணமுடை வரும்போது ஒரு மாடியை மட்டும் விற்க முடியாது. விற்றால் முழுக் கட்டடத்தையும் விற்க வேண்டும், அதற்கு உன்னைப் போலவே இன்னொருவர் கிடைக்க வேண்டும்.

இதுவரை எழுதியது உனக்கும் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் உன் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். நான் பேனா எடுத்தது வேறு விஷயத்துக்கு.

நீ நண்பர்களுக்கு அனுப்பிய எக்செல் கணக்கை எனக்கும் அனுப்பியிருந்தாய். தெரிந்து அனுப்பினாயா தெரியாமல் அனுப்பினாயா என்று கேட்கப் போவதில்லை. அதில் பதினாலாவது வரியில் 'நிர்வாகம்' என்று இருக்கிறது. எதிரே சைபர். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அம்மா'.

முதலில் சிரித்தேன். அப்பாவிடமும் காட்டினேன், அவரும் சிரித்தார். ராத்திரி படுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. எனக்கு 68 வயது. இரவு பதினொரு மணிக்குக் குழாய் உடைந்தது என்று போன் வந்தால் லண்டனில் உனக்குப் பிற்பகல்தான், ஆனால் அந்தப் போன் உனக்கு வராது. ஏர்கான் சொட்டுகிறது என்பார்கள். சாவி தொலைந்தது, கரையான் அலமாரியை அரித்துவிட்டது என்பார்கள். பூந்தொட்டித் தட்டில் கொசுப்புழு இருக்கிறது என்று சோதனைக்கு வந்து நிற்பார்கள். முப்பது வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைத்தான் செய்தேன். ஓய்வு பெற்ற அன்று அலுவலகப் போனை மேசையில் வைத்துவிட்டு வந்தபோது பட்ட நிம்மதியை இன்னும் மறக்கவில்லை.

உன் கொள்ளுத்தாத்தா மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடை நடந்த கட்டடத்தில், செட்டியார்களுக்குச் சமைத்தவர். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடை இங்கே நடக்கும். கப்பலில் கடிதம் போய்ச் சேரவே நாள் கணக்காகும் காலம். அது எப்படி நடந்தது என்று நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவரிடம் கேட்டிருக்கிறேன். முதலாளி தன் ஆளை மூன்று வருடத் தவணைக்கு அனுப்புவார், சம்பளம் முன்கூட்டியே பேசி முடிந்திருக்கும், கணக்கு தவறாமல் ஊருக்குப் போகும், தவணை முடிந்ததும் அந்த ஆள் கப்பலேறி வீட்டுக்குப் போய்விடுவார், அடுத்தவர் வருவார் என்றார். அந்தச் செட்டியார்கள் யாரும் பெற்ற தாயைச் சம்பளமில்லாமல் பெட்டியடியில் உட்கார வைத்ததாகத் தாத்தா சொன்னதில்லை. (அந்தக் கிட்டங்கிகளும் 1970களில் போய்விட்டன. இந்தக் கட்டடம் ஃப்ரீஹோல்டு, குத்தகைக் காலம் இல்லாத சொந்த நிலம், என்றென்றைக்கும் என்று ஏஜெண்ட் சொன்னபோது எனக்கு அந்தத் தெருதான் ஞாபகம் வந்தது. 1966ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் ஃப்ரீஹோல்டையும் விட்டுவைக்கவில்லை.)

அதனால் பதினாலாவது வரியைத் திருத்து. ஒரு நிர்வாக நிறுவனத்திடம் விலை கேட்டுப் போடு. போட்ட பிறகும் கணக்கு நிற்கிறதா பார். நின்றால் வாங்கு, நான் குறுக்கே நிற்கமாட்டேன். நிற்காவிட்டால், அந்தக் கட்டடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது வாடகை இல்லை, நான்தான்.

ஊரில் ஒரு கால் இருக்கட்டும் என்றுதான் வாங்குகிறேன் என்று போனில் சொன்னாய். அது எனக்குப் புரிகிறது, மருமகளுக்கும் இந்த ஊர் பிடித்திருக்கிறது என்பதும் தெரியும். கால் வைக்க ஒரு மாடி போதுமே. பொங்கோலையும் கோவன் பங்கையும் விற்றுவிட்டால் உன் பெயரில் வீடு இல்லை. அப்புறம் நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு வீடு வாங்கினால் ஏபிஎஸ்டி சலுகை கிடைக்கும், நீ குடிமகன் என்பதால். அக்காவிடம் இன்னும் பேசவில்லை. அவள் கோவனை விற்கச் சம்மதிப்பாளா என்பது நீ கேட்க வேண்டிய கேள்வி, என்னைத் தூது அனுப்பாதே.

வெள்ளிக்கிழமைக்குள் ஆப்ஷன் (வாங்கும் உரிமைக்கான முன்பணம்) போட வேண்டும் என்று பையன் அவசரப்படுத்துகிறான். ஒரு விழுக்காடு என்றால் 80,000 வெள்ளி. மனம் மாறினால் திரும்பி வராது. போடாதே. வேறொருவர் கேட்கிறார் என்பான். முப்பது வருடமாக அந்த வேறொருவரைப் பற்றிக் கேள்விப்படுகிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை.

வாளி உள்ள வீட்டு அம்மாள் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறார். நல்ல மழை பெய்தால் கூப்பிடுகிறேன், வந்து பாருங்கள் என்றார். கூரைச் சாவியை எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஏறிப் பார்த்துவிட்டுப் படம் அனுப்புகிறேன். இந்த ஒருமுறை மட்டும் சம்பளம் வேண்டாம், ரயில் காசு போதும்.

அம்மா