மான் தடம் காட்டிய அண்ணனுக்கு

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்த தம்பிகள், நடுராத்திரியிலும் முகம் சுளிக்காமல் வண்டி எடுத்தவர், மாட்டையும் வீட்டையும் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அத்தை, கஞ்சி கொடுத்தனுப்பிய தெருக்காரர்கள், எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது, பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்ட ஒருவருக்காக. கோடியக்கரைக் காட்டில் காவலுக்கு இருக்கும் அண்ணன் அவர்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அப்பா கேட்டது அந்தக் காட்டு மேட்டிலிருக்கும் ராமர் பாதம் போக வேண்டும் என்றுதான். பங்குனிக் கடைசியில் ஒரு காலை கூட்டிப்போனோம். மணல் பாதை, இரண்டு பக்கமும் பாலை மரங்கள். கஜா புயலில் முறிந்தவைகூட அடியிலிருந்து தழைத்திருந்தன. கையைப் பிடித்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். அண்ணன் பிடிக்கவில்லை, ஒரு எட்டு பின்னாலேயே வந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம், "ஐயா, இங்க பாருங்க, புள்ளிமான் தடம்" என்று குனிவார். ஈர மணலில் இரட்டைக் குளம்பு, விளிம்புகூட உதிராமல். அப்பா நின்று பார்ப்பார். மூச்சு சீரானதும் நடப்பார்கள்.

மேட்டு மண்டபத்தில், கல்லில் செதுக்கிய பாதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் வாய் திறக்காத அப்பா தாத்தா சொன்ன கதையைச் சொன்னார். 1930 ஏப்ரலில் ராஜாஜியோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று அரசாங்கம் மிரட்டியிருந்தது. சனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளையில் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல ஒதுங்கிக்கொண்டார்களாம்.

இறங்கும்போது பாதி வழியில் அப்பாவே நின்றார். "எங்க தம்பி, அந்தத் தடம் இங்கதானே இருந்துச்சு?" அண்ணன் சிரித்துக்கொண்டே குனிந்து காட்டினார். அப்பாவுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அப்போது உறைத்தது. திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"பார்த்து, பார்த்து" என்று அப்பா பின்னால் இனிக் கத்தமாட்டேன் அண்ணே, இது சத்தியம். அடுத்த பங்குனிக்கும் வருவோம். நீங்கள் காட்டுகிற இடத்திலெல்லாம் நிற்போம்.